பிக்கப் டிரக் மேல் ஒரு குட்டி வீடு... ஒழுகும் இடத்தில் சிலிக்கான் பூசினால் போதுமா?

வெள்ளை அலுமினியச் சுவரின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ. அதன் தலையிலிருந்து கீழ்நோக்கி மெல்லிய பழுப்புக் கோடு. மழையில் கரைந்து வழிந்த துரு. 'சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும்' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், அமெரிக்காவில் பழைய பாப்-அப் கேம்பர் வைத்திருக்கும் அனுபவசாலிகள் அந்தக் கோட்டைப் பார்த்தால் முகம் மாறிவிடுவார்கள். அதற்குப் பின்னால் மரச்சட்டம் மாதக்கணக்கில் நனைந்துகொண்டிருக்கலாம். மொத்த கேம்பரையும் தூக்கி நிறுத்தும் ஜாக்கியின் போல்ட்டும் அதே சட்டத்தில்தான் இருக்கலாம்.

நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்களுக்காக நிற்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். டிரக் கேம்பர் வேறு ரகம். பிக்கப் டிரக்கின் பின்பக்கத் தொட்டியில் உட்காரும் பெட்டி வீடு இது. இதற்கென்று சக்கரமோ இன்ஜினோ கிடையாது. லீவு நாளில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வீடு திரும்பியதும் நான்கு மூலையிலும் உள்ள ஜாக்கிகளால் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியிலிருந்து டிரக்கை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இதில் பாப்-அப் என்பது கூரை மேலே எழும்பும் வகை. வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும், காற்று அதிகம் மோதாது. நிறுத்தியதும் கூரையைத் தூக்கினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கூரைக்கும் கீழ்ச் சுவருக்கும் நடுவே பெரும்பாலும் துணிச் சுவர்தான். 1950-களில் வந்த அலாஸ்கன் கேம்பர் போன்ற சிலவற்றில் துணி கிடையாது. கெட்டியான மேல் பாதி, கீழ்ப் பாதியின் மேல் டப்பா மூடி மாதிரி இறங்கும். 1972 முதல் இருந்துவரும் 'ஃபோர் வீல் கேம்பர்ஸ்' போன்ற நிறுவனங்கள் வெல்டிங் செய்த அலுமினியச் சட்டம் வைக்கின்றன. ஆனால், இன்னும் சாலையில் ஓடும் பழைய கேம்பர்கள் பலவற்றுக்கு எலும்பு மரம்தான். சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

நுழைவது ஓர் இடம், தெரிவது வேறு இடம்

வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய ப்ளைவுட், நடுவில் மரச்சட்டம். தகடுகள் சேரும் விளிம்புகளில் நீளமான அலுமினியப் பட்டையை வைத்து வரிசையாக ஸ்க்ரூ அடித்திருப்பார்கள். பட்டைக்கு அடியில் தண்ணீர் போகாமலிருக்கப் பசை. அரிசோனா வெயிலில் நின்றால் இந்தப் பசை காய்ந்து வெடிக்கும். மண் ரோட்டில் குலுங்கும்போது பெட்டி லேசாக முறுக்கிக்கொள்ளும், வெடித்த இடம் இன்னும் விலகும். குளிர் மாநிலங்களில் உள்ளே தங்கிய நீர் உறைந்து 9 சதவிகிதம் அளவுக்குப் பெருக்கும். முடி அளவு இருந்த பிளவு, ஒரே குளிர்காலத்தில் நகம் நுழையும் அளவு ஆகிவிடும்.

உள்ளே போன தண்ணீர் நேராகச் சொட்டுவதில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டே வழிந்து, தாழ்வான இடம் தேடிப் போகும். கூரை ஜன்னல் பக்கம் நுழைந்தது, டிரக்கின் தலைக்கு மேல் நீண்டிருக்கும் படுக்கைப் பகுதியின் முன் மூலையில் கறையாகத் தெரியும். கறை தெரிந்த இடத்தை அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அடுத்த மழையில் ஏமாறுகிறார்கள்.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குள் இருந்தால் பயமில்லை என்பது மரத்தொழிலில் பழைய கணக்கு. 30-ஐ நெருங்கி, அப்படியே தொடர்ந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். மரம் முதலில் நிறம் மாறும், பிறகு ரஸ்க் மாதிரி உதிரும். பாப்-அப் மாடல்கள் பலவற்றில் பெட்டி மட்டுமே 500 முதல் 900 கிலோ வரை எடை. தண்ணீர், சாமான் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். அவ்வளவையும் நான்கு ஜாக்கிகள் தாங்குகின்றன, அந்த ஜாக்கிகளை மூலைச் சட்டம் பிடித்துக்கொண்டிருக்கிறது. உளுத்த மூலையிலிருந்து போல்ட் பிடுங்கிக்கொண்டால் பெட்டி சாயும். பிள்ளைகள் விளையாடும் வீட்டு முற்றத்தில்தான் பெரும்பாலும் இந்தப் பெட்டிகள் நிற்கின்றன என்பதை நினைத்தால், துருக்கோடு வெறும் அழகுப் பிரச்னை இல்லை என்பது புரியும்.

சிலிக்கான் மேல் ஏன் இத்தனை கோபம்?

கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் டியூபை வாங்கி, தெரிந்த இடுக்கில் எல்லாம் பிதுக்கிவிடுவது சுலபமான வழி. சில மாதம் நிற்கவும் செய்யும். அதற்குப் பிறகு ஓரம் பெயரும். அப்போதுதான் நிஜமான தலைவலி. காய்ந்த சிலிக்கான் மேல் வேறு எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது, புது சிலிக்கானே சரியாக ஒட்டாது. சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கிவிடும். வினிகர் வாடை அடிக்கும் வகை, உலோகத்தை அரிக்கவும் செய்யும். போதாக்குறைக்கு, ஏற்கெனவே உள்ளே போன ஈரத்தை வெளியேற விடாமல் மூடிவிடுகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே அழுகல்.

கேம்பரைப் பழுதுபார்ப்பவர்கள் கையில் எடுப்பது ப்யூட்டைல் டேப். சூயிங்கம் மாதிரி இழுபடும், லேசில் காய்ந்து வெடிக்காது. பட்டைக்கு அடியில் வைக்க இதுதான். கூரையின் மேல் உள்ள ஸ்க்ரூ தலைகளுக்கும் வென்ட் ஓரங்களுக்கும் தானாகப் பரவிச் சமமாகும் சீலன்ட் தனியாக உண்டு. அதைச் செங்குத்துச் சுவரில் போட்டால் வழிந்துவிடும், சுவருக்கு வழியாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு ரோல் ப்யூட்டைல் டேப்பின் விலை, அமெரிக்காவில் ஒரு குடும்பம் ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடும் செலவைத் தாண்டாது. நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

ஒரு மூலையைப் பிரித்தால்...

பட்டையின் நடுவே ஓடும் வினைல் நாடாவை உருவினால் ஸ்க்ரூ வரிசை தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். துரு இல்லாமல் இறுக்கமாக வரும் ஸ்க்ரூ நல்ல சேதி. விரலால் திருகினாலே வந்துவிட்டால், அதைப் பிடித்திருந்த மரம் போய்விட்டது என்று அர்த்தம். பட்டையை வளைக்காமல் மெதுவாக நெம்பி எடுத்து, பழைய பசையை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். இரும்புக் கத்தி போட்டால் மெல்லிய தகடு கிழியும்.

இப்போது மரம் கண்ணுக்குத் தெரியும். கூரான கம்பியால் குத்திப் பார்த்து, சுலபமாக உள்ளே இறங்கும் இடம் முடியும் வரை சட்டத்தை வெட்டி எடுத்து, புது மரம் சேர்க்க வேண்டும். ஈரமாக மட்டும் இருந்தால் மூடும் அவசரம் கூடாது. ஃபேன் வைத்து நாள்கணக்கில் காயவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான்.

காய்ந்த பிறகு பட்டையின் உள்பக்கம் ப்யூட்டைல் டேப்பை நீளமாக ஒட்டி, இடத்தில் வைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடலாம். சாதாரண இரும்பு ஸ்க்ரூ, ஈரமும் அலுமினியமும் சேர்ந்தால் சீக்கிரம் கெடும். ஒரே மூச்சில் இறுக்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டேப் சீராகப் பிதுங்கும். சில நாள் கழித்து பிதுங்கியதை வெட்டிவிட்டு இன்னொரு முறை இறுக்கி, கடைசியாகப் புது வினைல் நாடா. ஜாக்கியில் நிற்கும் கேம்பரில் இந்த வேலையைச் செய்யும்போது பெட்டியை முடிந்தவரை தாழ்த்தி, அடியில் உறுதியான மரக்கட்டை அடுக்கியிருக்க வேண்டும். அடியில் படுத்துக்கொண்டு எட்டிப்பார்க்கவே கூடாது.

எல்லா ஓட்டையையும் அடைக்காதீர்கள்!

ஜன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பில், வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவை கோளாறு இல்லை, கண்ணாடிப் பள்ளத்தில் விழும் மழைநீர் வெளியேறும் வழி. 'இங்கேயும் பூசிவிடுவோம்' என்று அடைத்தால் தண்ணீர் நிரம்பி வீட்டுக்குள் வழியும். தூசி சேர்ந்திருந்தால் டூத்பிக்கால் குத்திவிட்டாலே போதும்.

ஒழுகும் இடம் பிடிபடவில்லையா? ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே தோட்டக் குழாயால் கீழிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே தண்ணீர் விடுவது நல்ல வழி. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து குழப்பிவிடும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அதன் வேகம் நல்ல சீலன்ட்டையும் பெயர்த்துவிடும்.

துணிச் சுவரும் கூரையும்

வினைல் பூசிய துணிக்கு மழையைவிட, ஈரத்தோடு மடிக்கப்படுவதுதான் ஆபத்து. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலரவில்லை என்றால் பூஞ்சைக்கு அது போதும். மழையில் மடித்துக் கிளம்ப வேண்டியிருந்தால், வீடு வந்ததும் மறுபடி கூரையைத் தூக்கிக் காயவைத்தே ஆக வேண்டும். கழுவ, மைல்ட் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

கூரையை இறக்கும்போது வென்ட்டையோ கதவையோ திறந்து வைக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்றுக்கு வழி இல்லாவிட்டால் துணி பலூன் மாதிரி வெளியே உப்பி, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி ஓட்டை விழும். துணிக்கிழிசல் பலவும் இப்படி வந்தவைதான். சிறிய கிழிசலுக்கு வினைலுக்கென்றே வரும் ஒட்டு வாங்கி, இரண்டு பக்கமும் ஒட்டலாம்.

பனி பெய்யும் ஊர் என்றால் இன்னொரு கணக்கு. 5 சதுர மீட்டர் கூரையில் 15 சென்டிமீட்டர் ஈரப் பனி சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தள்ளாமல் கூரையைத் தூக்க முயன்றால் தூக்கும் பலகையும் கீலும் வளைந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள்...

பெயின்ட் புதிதாக இருந்தால் மகிழ வேண்டாம். படுக்கைப் பகுதிக்கு ஏறி, மெத்தையைத் தூக்கி, முன் மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் போய்விட்டது. கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்தால், நனைந்த கோணிப்பை வாடை வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். வெளியே வந்து, நான்கு ஜாக்கி போல்ட்டுகளைச் சுற்றியும் தகடு சுருங்கியோ உப்பியோ இருக்கிறதா என்று கை வைத்துத் தடவிப் பாருங்கள். தடிமனாக சிலிக்கான் பூசியிருக்கும் மூலை எது என்று குறித்துக்கொண்டு, அதை முதலில் பிரித்துக் காட்டச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள்.