கண்ணாடிக்கு இல்லாத வெட்கம் மாத்திரைக்கு ஏன்?

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உடலின் மாற்றத்தை முதலில் உணர்த்துபவை பெரும்பாலும் கண்கள்தாம். மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எங்களைப் போன்றோருக்கு அது சற்று விரைவாகவே தெரிந்துவிடும். 'பா'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'தா'வுக்கு மேலே இரண்டு, 'ஸா'வுக்கு மேலே மூன்று என்று ஆண்டாண்டு காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு, ஒரு நாள் அந்தப் புள்ளிகளே ஒன்றோடொன்று கலந்து தெரியும். கிதாபைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பார். இன்னும் தள்ளிப் பிடிப்பார். கையின் நீளம் போதாது என்றானதும் கண்ணாடிக் கடைக்குச் சென்று ஒரு கண்ணாடியை வாங்கி அணிந்துகொள்வார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை தன் நெகிழ்வை இழந்துவிட்டது, அவ்வளவுதான். 'எத்தனை நாளைக்கு இதை அணிய வேண்டும்?' என்று எவரும் அவரைக் கேட்பதில்லை. 'கண்ணாடி போடுகிறாரே, இறைவன்மீது நம்பிக்கை குறைந்துவிட்டதோ?' என்றும் ஐயுறுவதில்லை.

அதே மனிதர் அடுத்த மாதம் மருத்துவரிடம் செல்கிறார். இரத்த அழுத்தம் மிகுந்துள்ளது என்று கூறி, நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்ளுமாறு மருத்துவர் சீட்டு எழுதித் தருகிறார். அன்று அவ்வீட்டில் நிகழ்வதை நாம் அனைவரும் அறிவோம். "வாழ்நாள் முழுவதுமா?" என்று மனைவி கலங்குகிறார். "ஒரு முறை தொடங்கினால் விடவே முடியாதாமே" என்று உறவினர் அச்சுறுத்துகிறார். மாத்திரை அட்டை பீரோவின் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைக்கப்படுகிறது. மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்!

கண்ணுக்கு வந்த மாற்றமும் இரத்தக் குழாய்களுக்கு வந்த மாற்றமும் ஒரே வயதின் இரு விளைவுகள். முன்னதை ஏற்றுக்கொண்ட நாம் பின்னதை மட்டும் ஏன் ஓர் இழிவாகக் கருதுகிறோம்? சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று வினவிய கிராமவாசிகளிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், செய்துகொள்ளுமாறும், மருந்தின்றி எந்த நோயையும் இறைவன் படைக்கவில்லை என்றும் கூறிவிட்டு, முதுமையை மட்டும் அதிலிருந்து விலக்கியதாக அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காண்கிறோம். மருந்தை நாடவேண்டும் என்பதும், வயது திரும்பாது என்பதும் அந்த ஒரே மறுமொழியில் சேர்ந்து வருகின்றன. நடுவயதினர் இவ்விரண்டையும் சேர்த்தே ஏற்கவேண்டியிருக்கிறது.

கண்ணாடிக்கும் மாத்திரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கண்ணாடியைக் கழற்றிய உடனே எழுத்து மங்கும். மாத்திரையை நிறுத்தினால் ஒன்றுமே தெரியாது. இரத்த அழுத்தம் பெரும்பாலோருக்குத் தலைவலியையோ மயக்கத்தையோ தருவதில்லை. 140/90 என்னும் அளவைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் அது அமைதியாகவே இருக்கும். அந்த அமைதிதான் நம்மை ஏமாற்றுகிறது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு நடத்தப்பட்ட கணக்கெடுப்பு ஒன்றில், இரத்த அழுத்தம் உள்ளவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கும், நீரிழிவு உள்ளவர்களுள் ஏறத்தாழ பதினொரு பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. நமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள், அறிந்தும் மருந்தைத் தொடாதவர்கள், தொடங்கிவிட்டு இடையில் விட்டவர்கள் என்று ஏனையோருள் மூவகையினர் உண்டு. நமது மஹல்லாக்களில் நான் மிகுதியாகக் காண்பது மூன்றாம் வகையினரையே.

எங்கள் திருவண்ணாமலையின் கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்துவந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பௌர்ணமி தோறும் கிரிவலத்திற்கு மக்கள் வெள்ளம் வரும் ஊர் இது. அந்த இரவுகளில் கடைத்தெரு உறங்குவதில்லை. அவரும் விடிய விடியக் கடையில் நிற்பார். பிறகு ஃபஜ்ருக்கு முதல் ஸஃப்பில் வந்து நிற்பார். மூன்று மாதம் மாத்திரை உட்கொண்டபின் அளந்து பார்த்ததில் அழுத்தம் சரியாக இருந்தது. "ஹஜ்ரத், குணமாகிவிட்டது. நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. அல்லாஹ் போதுமானவன், இனி மாத்திரை எதற்கு?" என்றார். வாதிட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை. ஓராண்டு கழிந்து ஒரு காலை வேளையில், கணக்கு எழுதிக்கொண்டிருந்த வலக்கை அப்படியே நின்றுவிட்டது. பக்கவாதம். இன்று அவர் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகன் படிப்பை விட்டுக் கல்லாவில் அமர்ந்துவிட்டான். தவக்குல் என்ற சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்பதை நாம் இன்னும் சரியாகக் கற்கவில்லை என்றே தோன்றுகிறது.

'நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை' என்ற அவருடைய சொல்லில் ஓர் உண்மை உண்டு. அதை விளங்கிக்கொள்வது பயன் தரும். இன்று பலருக்கும் எழுதித் தரப்படும் அம்லோடிபின் என்னும் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசைகள் இறுகுவதற்குக் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். அந்த நுழைவை இம்மருந்து குறைப்பதால் குழாய் தளர்கிறது, அழுத்தம் தணிகிறது. உட்கொண்ட மருந்தில் பாதி இரத்தத்தை விட்டு நீங்கவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். எனவேதான் நாளுக்கு ஒன்று போதுமானதாக இருக்கிறது. எனவேதான், நிறுத்திய மறுநாள் அளந்தாலும் அழுத்தம் சரியாகவே காட்டக்கூடும். பிறகு சில நாட்களில் அது படிப்படியாகப் பழைய நிலைக்கு ஏறிவிடும். அப்போது அளந்து பார்க்க ஆள் இருப்பதில்லை. அட்டெனோலால் போன்ற வேறு சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது இதயத்திற்கே தீங்கு தரும்.

மாத்திரையால் துன்பமே இல்லை என்று நான் கூறவில்லை. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கத்தைத் தரும். எனலாபிரில் வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். இவற்றிற்கு மாற்று மருந்துகள் பல உள்ளன. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்லாமல் தாமாகவே நிறுத்திவிட்டு, அடுத்த முறை செல்லும்போது 'ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்' என்று கூறுவதைத்தான் ஏற்க இயலவில்லை. மருத்துவர் அதை நம்பி மருந்தின் அளவைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும்?

அஜ்மல்கான் பெயர் தாங்கிய மருந்து

இந்த மாத்திரை எத்தகைய அருட்கொடை என்பதை அறிய, அது இல்லாத காலத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அளந்தபோது இரத்த அழுத்தம் 186/108 இருந்தது. உலகின் செல்வ வளம் மிக்க நாட்டின் தலைவருக்கு அன்றைய மருத்துவம் தர முடிந்தவை ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, இதயத்திற்கான டிஜிட்டாலிஸ், மன அமைதிக்கான மருந்து ஆகியவையே. அழுத்தத்தை உருப்படியாகக் குறைக்கும் மாத்திரை ஒன்றும் அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து, தமது 63ஆம் வயதில் அவர் மரணமடைந்தார். அன்று அவருக்கு அளந்த அழுத்தம் 300/190.

அதே காலத்தில் நமது நாட்டில் ஒரு வேர் ஆராயப்பட்டு வந்தது. தமிழில் சர்ப்பகந்தி என்றும் யூனானியில் அஸ்ரோல் என்றும் வழங்கும் செடியின் வேர் அது. டில்லி திப்பியா கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல்கான், யூனானி மருந்துகளை இக்கால வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பினார். ஜெர்மனியில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீகி அக்கல்லூரியில் அந்தப் பணியை மேற்கொண்டார். 1931இல் அவர் அவ்வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 1927இல் மறைந்துவிட்ட ஹக்கீமின் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சார்ந்த மருத்துவத்தில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. (சித்தீகி முதலில் அலிகரில் பயின்றவை தத்துவமும் பாரசீகமும்! கலைப் பிரிவில் பட்டம் பெற்ற எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.) அதே 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த சென், போஸ் என்னும் இருவர் அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதாக எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதனை நோயாளிகளிடம் கண்ட பயனோடு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டபின் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு முதலிய பக்க விளைவுகளால் அது இன்று பெரிதும் கைவிடப்பட்டு, அதனினும் சிறந்த மருந்துகள் வந்துவிட்டன. 'இங்கிலீஷ் மருந்து உடம்புக்கு ஆகாது' என்று கூறும் பெரியவர்களுக்கு, அதன் தொடக்க வரலாற்றில் டில்லி யூனானிக் கல்லூரியும் கல்கத்தாவும் பம்பாயும் இருப்பதை எடுத்துச் சொல்லலாம்.

நீரிழிவுக்கு முதலில் தரப்படும் மெட்ஃபார்மின் மருந்தின் மூலமும் ஐரோப்பாவில் வளரும் ஒரு பூஞ்செடியே. பிரெஞ்சு மருத்துவர் ஜீன் ஸ்டெர்ன் 1957இல் அதன் பயனை வெளியிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை உண்டு என்பதால் உணவில் மாற்றம் வேண்டாம் என்று பொருளில்லை. ஆரணி அரிசிச் சோற்றை அள்ளி வைத்துப் பழகிய மாவட்டம் எங்களுடையது. ஜவ்வாது மலைச் சாமை நல்லதென்று கேள்விப்பட்டுச் சிலர் சாமைச் சோற்றை இரண்டு தட்டு உண்கின்றனர். சாமையிலும் மாவுச்சத்து உண்டு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? வலீமா விருந்துகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரைதான் எழுத வேண்டும்.

நமது இல்லத்தரசிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பு மிகுகிறது. படபடப்பும் வியர்வையும் உறக்கமின்மையும் அப்பருவத்திற்கே உரியவை என்று எண்ணி அவர்கள் பரிசோதனைக்கே செல்வதில்லை. செலவை எண்ணிக் கணவரின் மாத்திரையைப் பாதியாக உடைத்து உட்கொள்பவர்களும் உண்டு. ஒருவருடைய சிறுநீரகத்திற்கும் இதயத்திற்கும் ஏற்ற மருந்து மற்றவருக்கு ஏற்றதாக இராது. மேலும், வயிற்றில் மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரையை உடைத்தால் முழு நாளைக்கான மருந்தும் ஒரே வேளையில் இரத்தத்தில் கலந்துவிடும். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்கென்றே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் அளந்து மருந்து கொடுத்தனர். வருபவர் பெண் என்பதால் நமது வீட்டுப் பெண்கள் தயக்கமின்றிக் கை நீட்டலாம். ஆயினும், 'எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய வீடுகளை நான் அறிவேன். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம்தான்.

நோன்பு மாதமும் மாத்திரையும்

இந்த அச்சம் மிகுதியாக வெளிப்படுவது ரமளானில். நோயாளிக்கும் பயணிக்கும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 184, 185 வசனங்களில் இறைவனே சலுகை வழங்கியிருக்கிறான். பின்னர் நோற்க இயன்றவர் அந்நாட்களைக் களாச் செய்யலாம். குணமடையும் வாய்ப்பில்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். இருப்பினும் 'ஊர் என்ன சொல்லும்' என்று மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திவிட்டு நோன்பு நோற்பவர் பலர்.

மாத்திரை உட்கொள்பவர் எல்லாரும் நோன்பை விடவேண்டும் என்பதுமில்லை. ஒரு வேளை மாத்திரையை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்வது பலருக்கு எளிது. நீர் பிரிவதற்கான மாத்திரை உண்பவருக்கு உடலில் நீர் வற்றும் ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து குறைவு. கிளிபென்கிளமைடு போன்ற மருந்துகளும் இன்சுலினும் பயன்படுத்துபவருக்கு அது மிகுதி. நோன்பிருக்கையில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை முறித்துக்கொள்ள வேண்டும் என்பது உலக நீரிழிவு மருத்துவர்களின் வழிகாட்டல். விரலில் குத்தி இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமோ என்று அஞ்சிச் சோதிக்காமலே இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதும், ஊட்டத்திற்காக அல்லாமல் மருந்துக்காக ஊசி போடுவதும் நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி முடிவு செய்திருக்கிறது. இன்சுலின் ஊசியும் இதில் அடங்கும்.

எந்த மாத்திரையை எந்த நேரத்திற்கு மாற்றுவது, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர்தாம் கூற இயலும். ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே அவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்கின்றனர். நமது கணக்கில் அது ரஜப் மாதத்தின் முற்பாதி. ரஜப் பிறை கண்டதும் பழைய சீட்டையும், பீரோவில் ஒளித்து வைத்த மாத்திரை அட்டைகளையும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள நடுவயதினர் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே மருத்துவரிடம் சென்று வரட்டும்.