வெறுங்கால் வென்ற கேடயம்

வேனிற் காலத்தில் ஏரி வற்றினால், அதன் படுகையில் சிறுவர்கள் வெறுங்காலுடன் பந்து உதைப்பது சேலம், நாமக்கல் பக்கத்தில் நாம் அடிக்கடி காணும் காட்சி. நம் வகுப்பு மாணவன் ஒருவன், "பூட்ஸ் இல்லாமல் பெரிய மாட்ச் ஆட முடியுமா, ஸார்?" என்று ஒருநாள் வினவினான். அவனுக்கு நாம் சொன்னது 1911-ஆம் வருஷத்துக் கல்கத்தாவின் கதை.

மெக்காலே 1841-ல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில், வங்காளிகளை உடல் வலிவற்றவர்கள் என்று இகழ்ந்திருந்தார். படித்த வாலிபர்களின் நெஞ்சில் தைத்த முள் அது. 1889-ல் தோன்றிய மோகன்பகான் சங்கம் அவ்வாண்டு ஐ.எப்.ஏ. கேடயப் போட்டியில் இறங்கிற்று. பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் ஸுதீர் சாட்டர்ஜி ஒருவரே. மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால்! அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். தலைவர் சிவதாஸ் பாதுரி.

போட்டி நடந்ததோ ஜூலை மாதத்தில். கல்கத்தாவில் அது மழைக்காலம். சேற்றில் பூட்ஸ் அணிந்தவன் நிலைகொள்வான், வெறுங்காலன் வழுக்குவான். ஆகவே நம்மவர்க்கு எதிரி இருவர்: ஒருவர் வெள்ளையர், மற்றொருவர் வருணபகவான்.

முதலில் செயின்ட் ஸேவியர்ஸ் கல்லூரியை 3-0 என்று வென்றார்கள். பிறகு ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேட். அரை இறுதியில் மிடில்ஸெக்ஸ் பட்டாளத்துடன் 1-1 என்று சமனாகி, மறு ஆட்டத்தில் 3-0 என்று ஜயித்தார்கள்.

ஜூலை 29-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளம். வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்தவர்களையும் சேர்த்துக் கூட்டம் 60,000 முதல் 80,000 வரை என்று கணக்கிட்டார்கள். கண்ணுக்கு எட்டாதவர்களுக்காகக் காற்றாடியில் கோல் கணக்கை எழுதிப் பறக்கவிட்டார்களாம்! முதல் கோல் பட்டாளத்தாருக்கு. மைதானம் மௌனமாயிற்று. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது சிவதாஸ் சமன் செய்தார். பிறகு அபிலாஷ் அடித்த பந்து வலையில் விழுந்தது. 2-1!

அந்த ஜூன் 17-ந் தேதிதான் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் மாய்த்துக்கொண்டான். ஆறே வாரங்களுக்குப் பின், நாட்டின் மற்றொரு மூலையில், வெள்ளையர் கற்றுக்கொடுத்த ஆட்டத்திலே, அவர்களுடைய விதிப்படியே அவர்கள் தோற்றார்கள். அவ்வருஷ டிசம்பரில் வங்கப் பிரிவினை ரத்தாகி, தலைநகரம் டில்லிக்குப் போனதற்கும் இந்த வெற்றியே காரணம் என்று சிலர் முடிச்சுப் போடுவர். அது அபிமானத்தின் பேச்சு, நாம் ஒப்புவதற்கில்லை.

மோகன்பகான் அந்தக் கேடயத்தை மறுபடி வென்றது 1947-ல்தான். இதைச் சொன்னதும் நம் மாணவன், "36 வருஷம் என்ன ஸார் செய்தார்கள்?" என்றான். ஆடிக்கொண்டிருந்தார்கள் என்றோம்.