பூட்டிக் கிடக்கும் ஊர் வீடு... தூரத்தில் இருந்தே காப்பது எப்படி?

‘அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவை நான் சென்னைக்குக் கூட்டி வந்துவிட்டேன். தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். தங்கையைத் திட்டக்குடி பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். உளுந்தூர்பேட்டை பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீடு பூட்டியே கிடக்கிறது. போன மழையில் சமையல்கட்டு ஒழுகி, ஒரு பக்கச் சுவர் ஊறிவிட்டது. பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. அம்மா சம்மதிக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?’

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் எழாத கிராமம் இந்தப் பக்கத்தில் குறைவு. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. பிழைக்கக் கிளம்புவதற்கு நல்ல வழி. திரும்பி வருவதற்கும் அதே வழிதான். ஆனால், பொங்கலுக்கு வந்து ஒட்டடை அடித்துவிட்டு, மூன்றாம் நாள் பூட்டிக்கொண்டு கிளம்பினால், அடுத்த பொங்கலுக்கு வீடு அப்படியே இருக்காது.

பூட்டினால் ஏன் கெடுகிறது?

ஆள் இருக்கும் வீட்டில் ஓர் ஓடு நகர்ந்தால் அன்றைக்கே தெரியும். மேலே ஏறித் தள்ளி வைத்துவிடுவோம். பூட்டிய வீட்டில் பூனையோ குரங்கோ நகர்த்திய அந்த ஓர் ஓடு வழியாக ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் இறங்கும். முதலில் ரீப்பர் இற்றுப்போகும், அடுத்து கைமரம். பிறகு மண் சுவர் ஊறிச் சரியும். நூறு ரூபாய் வேலை லட்ச ரூபாய் வேலையாவது இப்படித்தான்.

ஈரமும் இருட்டும் சேர்ந்தால் கரையான் வரும். சுவரில் மண் கோடு போல ஏறியிருந்தால், சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமாக, பூச்சி நடமாட்டத்தோடு இருந்தால் உடனே மருந்து வைக்க வேண்டும். பழைய பலகை, நோட்டுப் புத்தகம், சாக்கு, வைக்கோல் எதையும் சுவரை ஒட்டித் தரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தானியம் மிச்சம் இருந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

மச்சு வீடு என்றாலும் கவலை இல்லாமல் இருக்க முடியாது. மொட்டை மாடியில் சருகு அடைத்து, தண்ணீர் தேங்கினால் கூரை ஊறும். கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றை விரல் நீளத்தில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் வேர் சுவரைப் பிளக்கும்.

சாவி யார் கையில்?

மாதம் ஒரு நாள் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து காற்றும் வெயிலும் உள்ளே வர வேண்டும். அதற்கு உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். சொந்தக்காரர்தானே என்று சும்மா வேலை வாங்காதீர்கள். மாதம் ஒரு தொகை பேசிக் கொடுங்கள். திறந்த அன்றைக்குக் கூரை, சுவர், கிணறு, மீட்டர் ஆகியவற்றை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

‘குடிவைத்தால் வீடே போய்விடும்’ என்ற பயம் பலருக்கு உண்டு. ஒருவர் உங்கள் உரிமையை மறுத்து, எல்லோரும் அறிய, தன் சொத்தாகவே 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால், வழக்குப் போட்டு மீட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் போகலாம். இது 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ஆனால், உங்கள் அனுமதியோடு காவலுக்கு இருப்பவருக்கு, எத்தனை வருஷம் இருந்தாலும் வீட்டில் உரிமை வராது என்று கோவா வீட்டு வழக்கு ஒன்றில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அனுமதி கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதான். ‘பராமரிப்புக்காக மட்டும்’ என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, சாட்சி வாங்கி வையுங்கள். வீட்டு வரியையும் மின் கட்டணத்தையும் நீங்களே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்டா பேசட்டும்

இந்தப் பக்கத்துப் பத்திரங்களில் ஒரு சிக்கல் உண்டு. 1993 வரை இது தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம். 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. ஒரே வீட்டுக்கு மூன்று மாவட்டப் பெயர். அதனால் வில்லங்கச் சான்று பார்க்கும்போது மாவட்டப் பெயரைப் பார்த்துக் குழம்பாமல் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் பிடித்துக்கொண்டு தேடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தையும், ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் பட்டாவையும் எந்த ஊரில் இருந்தும் பார்க்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்துவிடுங்கள்.

பட்டா தாத்தா பெயரில் இருந்தால், அப்பாவோடு பிறந்தவர்களுக்கும் பங்கு இருக்கலாம். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே செய்தால் இரண்டு தலைமுறை வாரிசுகளோடு முடிகிற வேலை. தள்ளிப்போட்டால் நான்கு தலைமுறையின் கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும்.

தங்கையை விட்டுவிட்டுப் பேசாதீர்கள். குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டு வந்தது. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும் வரை குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த பிரிவையும் 2005-ல் நீக்கிவிட்டார்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் பங்கில் அம்மாவும் ஒரு வாரிசு. அம்மா கையெழுத்து இல்லாமல் வீட்டை முழுசாக விற்க முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ‘பட்டா மாற்ற, வரி கட்ட, பழுது பார்க்க’ என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தை அவசரப்பட்டு யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

செட்டிநாடு சொல்லும் பாடம்

தூரத்தில் இருந்து வீட்டைக் காப்பதில் நகரத்தார்களுக்கு நம்மைவிட நீண்ட அனுபவம். பர்மா, மலேயா, இலங்கை என்று தொழிலுக்குப் போனவர்கள், செட்டிநாட்டில் வீட்டைக் கட்டி வைத்துவிட்டுத்தான் அங்கே இருந்தார்கள். தலைமுறை பெருகப் பெருக ஒரு வீட்டுக்குப் பங்காளிகளும் பெருகினார்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் ஊர் வீட்டில் கூடி, செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பேசி முடிக்காத பங்கு காரணமாக இடிந்த வீடுகளும் உண்டு. அங்கிருந்து பிரித்தெடுத்த தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய செட்டிநாட்டு வீடு ஒன்று, சென்னை அருகே முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நிற்கிறது. அதைப் பார்க்கக் கட்டணம் கட்டிப் போகிறோம்.

வாசகருக்கு நம் பதில்

முதலில் ஒழுகும் இடத்தை நிறுத்துங்கள். வீட்டை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் இந்தச் செலவு வீண் இல்லை. அடுத்து பட்டா. பட்டா சரியில்லாத வீட்டைத் தம்பி சொல்வதுபோல விற்கப் போனாலும் நல்ல விலை வராது. அதற்குள் அம்மாவை ஒரு முறை அழைத்து வந்து, பத்து நாள் ஊரில் தங்க வையுங்கள். அவருக்கு வேண்டியது வீடா, வருஷத்துக்கு ஒரு முறை அந்தத் திண்ணையில் உட்காரும் உரிமையா என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு மூன்று பிள்ளைகளும் அம்மாவோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

பூட்டும் முன் செய்ய வேண்டியவை

* மெயின் சுவிட்ச், தண்ணீர் வால்வு, சிலிண்டர் ரெகுலேட்டர் ஆகியவற்றை மூடுங்கள்.

* சித்திரை, வைகாசியில் ஓடு பிரித்து மாற்றிவிடுங்கள். புரட்டாசியில் ஒரு முறை மேலே ஏறிப் பாருங்கள். ஐப்பசி மழை காத்திருக்காது.

* கூரைமேல் சாயும் தென்னை மட்டை, வேப்பங்கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

* கிணற்றுக்கு மூடி போடுங்கள். பயன்படாத ஆழ்துளைக் கிணற்றைக் கட்டாயம் மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையை இழந்ததை மறக்க முடியாது.

* பத்திரம், பட்டா, ரசீது எதையும் பூட்டிய வீட்டில் வைக்காதீர்கள். நகல் எல்லோரிடமும் இருக்கட்டும்.