கடன் அரசுடையது, கப்பல் யாருடையது?

கடன் 26 லட்சம் பவுண்டு. வட்டி 2.75 சதவீதம். திருப்பிக் கட்ட 20 ஆண்டு அவகாசம். 1903இல் குனார்ட் என்ற தனியார் கப்பல் நிறுவனத்துக்கு பிரிட்டிஷ் அரசு அள்ளிக்கொடுத்தது இது. இந்தப் பணத்தில் கட்டும் இரண்டு கப்பல்களும் ஓடத் தொடங்கினால் ஆண்டுதோறும் 1,50,000 பவுண்டு மானியம் வேறு. தபால் ஏற்றும் கூலி தனிக் கணக்கு.

ஏன் இவ்வளவு தாராளம்? அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க வங்கி முதலாளி ஜே.பி. மார்கன், பிரிட்டனின் ஒயிட் ஸ்டார் நிறுவனத்தை வளைத்துப்போட்டிருந்தார். அடுத்து குனார்ட்தானோ என்று லண்டன் கலங்கியது. குனார்ட் தலைவர் இன்வர்கிளைட் பிரபு அந்தக் கலக்கத்தை நன்றாகவே காசாக்கினார்.

அரசும் சும்மா கொடுக்கவில்லை. நிறுவனம் பிரிட்டிஷார் கையைவிட்டுப் போகக் கூடாது. கப்பல்கள் 24, 25 நாட் வேகத்தில் ஓட வேண்டும். போர் வந்தால் கேட்டவுடன் கடற்படைக்குத் தர வேண்டும். நிபந்தனைகள் கப்பலின் வயிற்றுக்குள்ளும் புகுந்தன. கொதிகலன்களும் இயந்திரங்களும் நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டன. எதிரியின் குண்டைத் தாங்க இரு பக்கமும் நெடுக நிலக்கரி அறைகள்.

1907இல் லூசிட்டானியாவும் மாரிட்டானியாவும் ஓடத் தொடங்கின. 1914இல் போர் வந்தது. நாளுக்கு ஏறக்குறைய 1,000 டன் நிலக்கரி விழுங்கும் கப்பல் ரோந்துக்குக் கட்டுப்படியாகாது என்று கடற்படை ஒதுக்கிவிட்டது. கடன் கொடுத்தபோது யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை போலும். மாரிட்டானியா பிறகு படைவீரர்களை ஏற்றப் போனது. லூசிட்டானியா பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு 18 நிமிடத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். கப்பல் சட்டென ஒருபுறம் சாய்ந்ததால் பல உயிர்காக்கும் படகுகளை இறக்கவே முடியவில்லை. அந்தச் சாய்வுக்குப் பக்கவாட்டு நிலக்கரி அறைகளும் ஒரு காரணம் என்பது வல்லுநர்கள் பலரின் கணிப்பு.

1934இல் மறுபடியும் குனார்ட், மறுபடியும் கடன். இம்முறை அச்சம் அமெரிக்க முதலாளியைப் பற்றியதல்ல, வேலையின்மையைப் பற்றியது. பொருளாதார மந்தத்தால் 1931 டிசம்பரில் கிளைட் ஆற்றங்கரையில் 3,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தனர்; அவர்கள் கட்டிவந்த குனார்ட்டின் குயின் மேரி கப்பல் பாதியில் நின்றது. அரசு 95 லட்சம் பவுண்டு வரை தர முன்வந்தது: இதை முடிக்க 30 லட்சம், அடுத்த கப்பலுக்கு 50 லட்சம், நடைமுறைச் செலவுக்கு 15 லட்சம். குனார்ட் ஒயிட் ஸ்டாருடன் இணைய வேண்டும் என்பது நிபந்தனை. இணைந்தது. அந்த குயின் மேரிதான் 1943 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து பிரிட்டனுக்கு ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்து வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கப் படைவீரர்கள்.