மரத்தில் மலர்ந்த முகங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டின் வடபகுதியிலும் அதனையடுத்த மாலி, புர்கினா பாசோ நாடுகளிலும் வாழும் உழவர் குடியினர் செனுஃபோ மக்கள். அவர்கள் மரத்தில் செதுக்கும் முகமூடிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களாகக் காட்சி தருகின்றன. ஆயினும், அம்மக்களுக்கு முகமூடி பார்த்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. இறந்தவரை வழியனுப்பும் கடமைக்கு உரியது.

போரோ அமைப்பு

செனுஃபோ ஆடவர் 'போரோ' என்னும் அமைப்பில் பல ஆண்டுகள் பயிற்சி பெறுவர். ஊரையடுத்த புனிதத் தோப்பே அவர்களது பள்ளி. மரபறிவையும் மூத்தோர்க்குச் செய்யவேண்டிய கடமைகளையும் அங்குக் கற்பர். ஆடவர் அமைப்பாயினும், அதன் தலைமையாகப் போற்றப்படுவது 'முதுதாய்' என்னும் தெய்வமே.

இருவகை முகமூடிகள்

முகத்தை மட்டும் மறைக்கும் சிறிய முகமூடி 'க்பெலியே' எனப்படும். நீள்வட்ட முகம், குறுகிய கண்கள், நீண்ட மூக்கு, கன்னத்தில் தழும்புக் கோடுகள் ஆகியவற்றால் அது பெண்ணழகைப் புலப்படுத்தும். அதனை அணிந்து ஆடுபவரோ ஆடவர்.

தலையை மூடும் 'க்பொன்யுகு' இதற்கு நேர்மாறானது. முதலையின் தாடை, காட்டுப்பன்றியின் கோரைப்பல், மானின் கொம்பு ஆகியன அதில் ஒன்றிணையும். அதன் உச்சியில் பச்சோந்தியும் இருவாட்சிப் பறவையும் இடம்பெறுவதுண்டு. அழகு ஒன்றிலும் அச்சம் மற்றொன்றிலும் உருப்பெறுகின்றன.

இவற்றை வாய்ச்சியால் செதுக்குவோருள் 'குலெபெலே' என்னும் மரபுவழிச் சிற்பியர் குறிப்பிடத்தக்கோர்.

வழியனுப்பும் ஆட்டம்

போரோவின் மூத்த உறுப்பினர் இறந்தால் முகமூடி ஆட்டம் நிகழும். இறந்தவரின் ஆவி ஊரிலேயே தங்கிவிடாமல் முன்னோரைச் சென்றடைய வேண்டும் என்பது அவர்களது நம்பிக்கை. உடலை மறைக்கும் ஆடை, இசை, ஆடுவோரின் அசைவு ஆகியவற்றோடு சேர்ந்தே முகமூடி முழுமை பெறுகிறது.

ஊரிலிருந்து உலகிற்கு

1950ஆம் ஆண்டையொட்டி 'மாஸ்ஸா' என்னும் சமய இயக்கம் செனுஃபோ ஊர்களில் பரவியது. அதன் தாக்கத்தால் மக்கள் பழைய சடங்குப் பொருள்கள் பலவற்றைக் கைவிட்டனர். அவற்றுள் பல ஐரோப்பிய, அமெரிக்கத் தொகுப்புகளைச் சென்றடைந்தன. 1963இல் நியூயார்க்கில் செனுஃபோ சிற்பங்களுக்கெனத் தனிக் கண்காட்சியே நடைபெற்றது. மரச்சிற்பம் கடல் கடந்தது. ஆட்டமும் இசையும் ஊரிலேயே நின்றுவிட்டன.

கொர்கோகோ நகரில் குலெபெலே சிற்பியர் சுற்றுலாப் பயணியருக்காகவும் முகமூடிகளைச் செதுக்குகின்றனர். விற்பனைக்கு உரியதும் சடங்கிற்கு உரியதும் தோற்றத்தில் ஒத்திருக்கலாம். ஆயினும், மூத்தோர் ஒருவரை வழியனுப்பும் பொறுப்பை ஊரார் ஒப்படைக்கும்போதே மரம் முகமாகிறது.