காணியால் எழுந்து காணியால் வீழ்ந்த ஆட்சி: மேற்கு வங்காளத்தின் 34 ஆண்டுகள்

1978ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி, மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள ஹலுசாய் கிராமத்தில் காணிச் சீர்திருத்த அதிகாரிகள் மூன்று நாள் முகாம் ஒன்றை ஆரம்பித்தார்கள். மற்றவர்களின் வயலில் வாரத்துக்குப் பயிர்செய்பவர்களின் பெயர்களைப் பதிவதுதான் நோக்கம். அங்கு வந்திருந்த பழங்குடி விவசாயிகள் அதிகாரிகள் வேலைசெய்யும் முறையையே ஆட்சேபித்தார்கள். வசதியானவர்களின் வீட்டில் இருந்துகொண்டு விசாரிக்க வேண்டாம், வயல்வெளிக்கு வந்து எல்லோரையும் ஒன்றாக வைத்து விசாரியுங்கள் என்றார்கள். அதிகாரிகள் அந்த ஆலோசனையை ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் மாநிலம் முழுவதும் பின்பற்றப்பட்ட நடைமுறையாக அதுவே ஆனது.

சரியாக 28 ஆண்டுகள் கழித்து, 2006 மே 18ஆம் திகதி, அதே இடதுசாரி முன்னணி ஏழாவது தடவையாகப் பதவியேற்றது. அன்றே டாடா நிறுவனத்தின் சிறிய கார்த் தொழிற்சாலை மேற்கு வங்காளத்துக்கு வருகிறது என்ற அறிவிப்பும் வெளியானது. அதற்காகத் தெரிவான காணி அதே ஹூக்ளி மாவட்டத்தின் சிங்கூரில் இருந்தது. இந்தமுறை வயலில் நின்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்த ஆட்சி முடிந்துபோனது.

இந்தியாவில் கம்யூனிஸ்டுகள் கேரளாவிலும் திரிபுராவிலும் ஆண்டிருக்கிறார்கள். ஆனால் 1977 முதல் 2011 வரை, ஏழு சட்டமன்றத் தேர்தல்களில் தொடர்ச்சியாக வென்று 34 ஆண்டுகள் இடைவிடாமல் ஆண்டது மேற்கு வங்காளத்தில் மட்டும்தான். மக்களிடமிருந்து எழுந்த ஓர் இயக்கம் எப்படி மக்களுக்கே அந்நியமானது என்பதை விளங்கிக்கொள்ள இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பசியும் அகதிகளும்

இடதுசாரிகளின் செல்வாக்கு 1977இல் திடீரென்று உருவாகவில்லை. 1943 பஞ்சத்தில் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். 1946இல், விளைச்சலில் பாதிக்குப் பதிலாக மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்று கேட்டு வாரக் குத்தகை விவசாயிகள் நடத்திய தெபாகா போராட்டத்தை விவசாயிகள் சங்கம் வழிநடத்தியது. அடுத்த ஆண்டு வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அலை அலையாக வந்த அகதிகள் கல்கத்தாவைச் சுற்றியிருந்த வெற்றுக் காணிகளில் குடிசை போட்டார்கள். அரசு அவர்களை வெளியேற்ற முயன்றபோது கூட நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள். 1959 ஓகஸ்ட் 31ஆம் திகதி உணவு கேட்டுக் கல்கத்தாவில் ஊர்வலம் போனவர்கள் மீது பொலிஸார் நடத்திய தாக்குதலில் பலர் கொல்லப்பட்டார்கள். 1966இலும் அதே கோரிக்கைக்காக மக்கள் வீதிக்கு வந்தார்கள்.

1967இலும் 1969இலும் அமைந்த ஐக்கிய முன்னணி அரசுகளில் ஜோதிபாசு துணை முதலமைச்சராக இருந்தார். இரண்டுமே நீடிக்கவில்லை. நக்சல்பாரி எழுச்சி, அதை ஒடுக்க நடந்த கொலைகள், காங்கிரஸ் முதலமைச்சர் சித்தார்த்த சங்கர் ரேயின் காலத்து அடக்குமுறை, 1975இல் வந்த அவசரகால நிலை என்று வங்காளம் பத்து ஆண்டுகள் இரத்தத்தில் கிடந்தது. 1977 ஜூனில் நடந்த தேர்தலில் மக்கள் இடதுசாரி முன்னணிக்கு 294இல் 231 ஆசனங்களைக் கொடுத்தார்கள். ஜோதிபாசு முதலமைச்சரானார். அரசியல் கைதிகளின் விடுதலை அவருடைய அரசின் ஆரம்பகால நடவடிக்கைகளில் ஒன்று.

பெயர் பதிவதன் பலம்

வாரத்துக்குப் பயிர்செய்பவரை வங்காளத்தில் பர்கதார் என்பார்கள். அவருக்குச் சட்டத்தில் ஏற்கனவே உரிமை இருந்தது. உழவுச் செலவை அவரே ஏற்றால் விளைச்சலில் முக்கால் பங்கு அவருக்கு. காணிச் சொந்தக்காரர் நினைத்தபடி அவரை வெளியேற்ற முடியாது. ஆனால், தான் பயிர்செய்கிறேன் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை. காகிதம் இல்லாதபோது சட்டம் எப்போதும் சொந்தக்காரரின் பக்கமே சாய்ந்தது.

‘ஒபரேஷன் பர்கா’ என்ற திட்டம் இதைத்தான் மாற்றியது. வேலை முடிந்த மாலை நேரத்தில் அதிகாரிகள் கிராமத்துக்குப் போனார்கள். பகிரங்கமாக, ஊரார் முன்னிலையில் பெயர்களைப் பதிந்தார்கள். காலப்போக்கில் 14 இலட்சத்துக்கும் அதிகமானோரின் பெயர்கள் பதிவாகின. அந்த உரிமை பிள்ளைகளுக்கும் போகும். இதற்குச் சமாந்தரமாக, உச்சவரம்புக்கு மேலிருந்த பத்து இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான காணி காணியற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

1978 ஜூனில் மூன்று அடுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. கட்சிச் சின்னங்களிலேயே போட்டியிட்ட அந்தத் தேர்தலில் ஆசிரியர்களும் சிறு விவசாயிகளும் தெரிவானார்கள். வீதி, கிணறு, வேலை, நிவாரணம் எல்லாவற்றையும் முன்பு காணிச் சொந்தக்காரரின் வாசலில் நின்று கேட்க வேண்டியிருந்தது. இப்போது பஞ்சாயத்தில் கேட்கலாம் என்றானது. எண்பதுகளில் நெல் விளைச்சல் வேகமாகக் கூடி, மேற்கு வங்காளம் நாட்டின் முதன்மையான அரிசி உற்பத்தி மாநிலமானது. கிராமங்கள் தொடர்ந்து இடதுசாரிகளுக்கு வாக்களித்ததற்கு இவையே காரணம். அந்த வாக்குகள் எல்லாம் பயத்தில் விழுந்தவை என்று சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

மரிச்ஜாப்பி என்ற தீவு

ஆனால் அதே ஆரம்ப ஆண்டுகளில்தான் மரிச்ஜாப்பியும் நடந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து பிந்தி வந்த அகதிகளில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட நாமசூத்திர சாதியைச் சேர்ந்த ஏழைகள். காங்கிரஸ் அரசுகள் அவர்களை மத்திய இந்தியாவின் தண்டகாரண்யக் காட்டுப் பகுதி முகாம்களுக்கு அனுப்பின. மண்ணும் வேறு, மொழியும் வேறு. அவர்களை வங்காளத்துக்குள்ளேயே குடியமர்த்த வேண்டும் என்று அன்று எதிர்க்கட்சியிலிருந்த இடதுசாரிகள் கோரினார்கள்.

இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்ததும் அகதிகள் அந்தப் பேச்சை நம்பி ஆயிரக்கணக்கில் புறப்பட்டு வந்தார்கள். பெரும்பாலானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு பகுதியினர் 1978இல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் இறங்கினார்கள். அரச உதவி எதுவுமில்லாமல் குடிசைகள் போட்டார்கள், அணை கட்டினார்கள், குழாய்க்கிணறு தோண்டினார்கள், பாடசாலையும் நடத்தினார்கள்.

அது ஒதுக்கப்பட்ட வனம், அங்கு குடியிருக்க முடியாது என்றது அரசு. 1979 ஜனவரியில் பொலிஸ் படகுகள் தீவைச் சுற்றிவளைத்துப் பொருளாதாரத் தடை போட்டன. அரிசியும் குடிநீரும் மருந்தும் போக முடியவில்லை. ஜனவரி 31ஆம் திகதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் குடிசைகள் எரிக்கப்பட்டு மக்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றுவரை சர்ச்சைக்குரியது. அரசு ஒப்புக்கொண்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தொகை. உயிர்தப்பியவர்கள் நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். சுயாதீனமான முழு விசாரணை எதுவும் நடக்கவில்லை.

அகதிகளின் தோளில் ஏறி வளர்ந்த ஒரு கட்சி அகதிகளுக்கே இதைச் செய்தது. தனது திட்டத்துக்குள் அடங்காமல் தாங்களாகவே முடிவெடுத்த ஏழைகளை அது ஆட்சிக்கு எதிரானவர்களாகப் பார்த்தது. அந்தப் பார்வை பின்னர் மாறவில்லை. அப்போது அது ஒரு தீவில் மட்டும் நடந்ததால், ஒபரேஷன் பர்காவினால் பயனடைந்த கிராமங்களுக்கு அது எட்டவில்லை.

கட்சியே ஊர்

காணிச் சொந்தக்காரரின் இடத்தைப் பஞ்சாயத்து எடுத்தது. காலப்போக்கில் பஞ்சாயத்தின் இடத்தைக் கட்சியின் உள்ளூர்க் குழு எடுத்தது. குடும்பச் சண்டை, வேலி எல்லைத் தகராறு, கலியாணப் பிரச்சினை, ஆசிரியர் நியமனம் எல்லாமே கட்சி அலுவலகத்துக்குப் போயின. அரசியல் ஆய்வாளர் த்வைபாயன் பட்டாச்சாரியா இதைக் ‘கட்சிச் சமூகம்’ என்று விபரிக்கிறார். சாதி, மதம், உறவுமுறை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் எந்தக் கட்சிக்காரர் என்பதே அவருடைய அடையாளமாகியது. எதிர்க்கட்சிக்காரர் என்றால் நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்காது. சில இடங்களில் ஊரிலேயே இருக்க முடியாது.

மேலிடத் தலைவர்கள் ஊழல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. 2000 நவம்பரில் ஜோதிபாசுவுக்குப் பின் முதலமைச்சரான புத்ததேவ் பட்டாச்சார்ஜி கடைசிவரை இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் வாழ்ந்தவர். ஆனால் தலைவரின் எளிமை, கீழே உள்ளூர்க் குழுச் செயலாளரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடவில்லை.

இன்னொரு பக்கம் நகரங்கள் தேய்ந்தன. இரும்பையும் நிலக்கரியையும் நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கச் செய்த மத்திய அரசின் சரக்குக் கட்டணக் கொள்கையால், சுரங்கங்களுக்கு அருகிலிருந்த வங்காளத்தின் அனுகூலம் ஏற்கனவே பறிபோயிருந்தது. அத்துடன் தொடர் வேலைநிறுத்தங்களும் கதவடைப்புகளும் சேர, முதலாளிகள் வெளியேறினார்கள். எண்பதுகளில் அரச ஆரம்பப் பாடசாலைகளில் ஆங்கிலம் நிறுத்தப்பட்டது. வசதியானவர்கள் பிள்ளைகளைத் தனியார் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள், ஏழைகளின் பிள்ளைகள்தான் பின்தங்கினார்கள். சனத்தொகையில் கால்பங்கினரான முஸ்லிம்கள் அரச வேலைகளில் எவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்பதை 2006இல் சச்சார் குழு அறிக்கை வெளிப்படுத்தியது. பர்கதாராகப் பதிவான தகப்பனின் சிறிய துண்டு வயல் மூன்று பிள்ளைகளுக்குப் போதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டியிருந்தது.

சிங்கூரும் நந்திகிராமும்

அதனால் தொழிற்சாலை வேண்டும் என்று புத்ததேவ் நினைத்தது தவறல்ல. அதைச் செய்த விதம்தான் தவறு. சிங்கூரில் 997 ஏக்கர் பலபோக விளைநிலம் சுவீகரிக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்டது 1894ஆம் ஆண்டின் பிரித்தானியர் காலக் காணி சுவீகரிப்புச் சட்டம். பலர் நட்டஈட்டை ஏற்றுக்கொண்டார்கள், பலர் மறுத்தார்கள். சொந்தக்காரருக்கு விலை கிடைத்தது. பதிவான பர்கதாருக்கு அதில் சிறு பங்கு. பதியாமல் பயிர்செய்தவருக்கும் கூலிக்காரருக்கும் ஏறத்தாழ ஒன்றுமில்லை. வேலியடிக்கப்பட்ட காணியைப் பொலிஸார் காவல் காத்தார்கள். மம்தா பானர்ஜி 2006 டிசெம்பரில் உண்ணாவிரதம் இருந்தார். 2008 ஒக்டோபரில் டாடா நிறுவனம் தொழிற்சாலையைக் குஜராத்துக்குக் கொண்டுபோனது.

நந்திகிராமில் இந்தோனேசிய நிறுவனம் ஒன்றின் இரசாயனத் தொழில் வலயத்துக்காகக் காணி எடுக்கப்படப்போகிறது என்ற அறிவித்தல் 2007 ஜனவரியில் ஒட்டப்பட்டது. மக்கள் வீதிகளை வெட்டி, பாலங்களைத் துண்டித்து ஊரை மூடினார்கள். போராடியவர்களில் பலர் முதல்நாள்வரை இடதுசாரி வாக்காளர்கள். கட்சியோடு நின்ற குடும்பங்கள் விரட்டப்பட்டு, கால்வாய்க்கு அப்பாலிருந்த கேஜுரியில் முகாம்களில் தங்கின. மார்ச் 14ஆம் திகதி பொலிஸார் நுழைந்து சுட்டதில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். நவம்பரில் கட்சியின் ஆயுதக் குழுக்கள் ஊரை ‘மீளக் கைப்பற்றின’. அதற்கு எதிராகக் கல்கத்தாவில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் பல்லாயிரம் பொதுமக்களும் ஊர்வலம் போனார்கள். மகாஸ்வேதா தேவி வெளிப்படையாகவே அரசை எதிர்த்தார். அதே ஆண்டு பல மாவட்டங்களில் பங்கீட்டு அரிசி கிடைக்காத மக்கள் கடைக்காரர்களின் வீடுகளைத் தாக்கினார்கள். உணவுப் போராட்டத்தில் வளர்ந்த கட்சியின் ஆட்சியில் இது நடந்தது.

முடிவும் அதன் பின்னும்

2008 பஞ்சாயத்துத் தேர்தலில் நந்திகிராம் இருக்கும் கிழக்கு மேதினிப்பூர் மாவட்டம் கைநழுவியது. 2009 மக்களவைத் தேர்தலில் 42இல் 15 ஆசனங்களே கிடைத்தன. 2011 மே மாதம் இடதுசாரி முன்னணிக்குக் கிடைத்தவை 62 ஆசனங்கள். முதலமைச்சர் புத்ததேவ் தனது ஜாதவ்பூர் தொகுதியிலேயே தோற்றார். 2021இல் சட்டமன்றத்தில் ஓர் ஆசனம்கூட இல்லை.

ஆட்சி மாறியபோது அந்தக் ‘கட்சிச் சமூகம்’ மாறவில்லை. உள்ளூர்க் குழு அலுவலகத்தில் கொடி மட்டும் மாறியது. வன்முறை தொடர்ந்தது. புதிய ஆளும் கட்சியின் அடிக்குத் தப்ப, இடதுசாரி ஆதரவாளர்களில் பெரும் பகுதியினர் பாரதிய ஜனதாக் கட்சியின் பக்கம் போனார்கள்.

சிங்கூர்க் காணி சுவீகரிப்புச் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2016 ஓகஸ்ட் 31ஆம் திகதி தீர்ப்பளித்தது. காணிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஆனால் பத்து ஆண்டுகளாக மண் நிரவப்பட்டு, கொங்கிறீற் போடப்பட்டு, எல்லைகள் அழிந்துபோன வயல் அது. பலரால் பழையபடி பயிர்செய்ய முடியவில்லை, தொழிற்சாலையும் இல்லை. காணி திரும்பக் கிடைப்பதும் வாழ்வு திரும்பக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மேற்கு வங்காளத்தின் இடதுசாரிகளை முற்றாகத் துரோகிகள் என்று எழுதுவது எளிது. பர்கதாரின் கையில் அவர்கள் கொடுத்த அந்தக் காகிதம் உண்மையானது. மரிச்ஜாப்பியில் எரிந்த குடிசைகளும் உண்மையானவை. இரண்டையும் செய்தது ஒரே கட்சி, ஏறத்தாழ ஒரே காலத்தில். ஹலுசாயில் வயலுக்கு வாருங்கள் என்று சொன்னவர்களின் பேச்சை அந்த அரசு கேட்டது. மக்களுக்கு எது நல்லது என்று தனக்கே தெரியும் என்று நினைத்த பிறகு, யாரிடமும் கேட்க வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.