ஆளறிந்து ஏற்றும் மருந்து

மாரி தொடங்கினால் தன்னாமுனையிலிருந்து வாவிக்கு அப்பால் படுவான்கரை வரை வயலெல்லாம் சேறுதான். வெறுங்காலோடு இறங்குபவரின் பாதவெடிப்பு வழியே அந்தச் சேற்றிலுள்ள ஒரு கிருமி உடம்புக்குள் ஏறிவிடலாம். அதனால் வருவது மெலியோய்டோசிஸ். 1911இல் ரங்கூனில் விற்மோரும் கிருஷ்ணசாமியும் கண்டறிந்த இந்த நோய், இன்று மட்டக்களப்பு வைத்தியர்களுக்குப் பழக்கமானது. சீனி வருத்தக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். இரத்தத்தில் பரவினால் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போக நேரலாம்.

அங்கே ஏற்றும் மருந்து செப்டாசிடிம் அல்லது மெரோபெனெம். செப்டாசிடிம் இறப்பைப் பாதியாகக் குறைத்ததைத் தாய்லாந்தின் உபோன் ரட்சதானியில் நடந்த ஆய்வு 1989இல் காட்டியது. எந்த மருந்து என்பதில் குழப்பமில்லை. எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

கடுந்தொற்றில் இரத்தக் குழாய்கள் கசியும். சேலைன் ஏற ஏற உடம்பு வீங்கும், மருந்தும் ஐதாகிவிடும். ஒருவரின் சிறுநீரகம் மருந்தை வழமையைவிட வேகமாக வெளியேற்றும். பக்கத்துக் கட்டிலில் சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ அதே 2 கிராம் தேங்கித் தேங்கி வலிப்பில் கொண்டுபோய் விடலாம். 2014இல் வெளியான 10 நாடுகளின் ஆய்வில், இவ்வகை மருந்துகள் பெற்ற தீவிர நோயாளரில் 16 வீதமானோரின் இரத்தத்தில் குறைந்தபட்ச இலக்கு அளவுகூட இருக்கவில்லை.

இதற்குத்தான் கணித மாதிரி. முன்னைய நோயாளர் பலரின் இரத்தத்தில் அளந்த மருந்தளவுகளிலிருந்து கட்டிய சமன்பாடு அது. வயது, நிறை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு மூன்றையும் கொடுத்தால் இவருக்கு இவ்வளவு என்று மதிப்பிடும். பிறகு அவரது இரத்தத்தையே ஒருமுறை சோதித்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

மெலியோய்டோசிஸ் சிகிச்சையில் இந்த வழி ஏற்கெனவே கைகொடுத்திருக்கிறது. ஊசி மருந்துக்குப் பிறகு விழுங்கும் கோ-ட்ரைமொக்சசோலை 60 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு ஓர் அளவு, 40 முதல் 60 கிலோவுக்கு இன்னோர் அளவு என்று பிரித்ததற்குப் பின்னால், 2009இல் வெளியான இத்தகைய கணிப்பு இருக்கிறது.

ஆனாலும் இதை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் 8 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மாதிரியின்படி அளவு கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளர் அங்கே தங்கும் நாட்கள் குறையவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. எல்லோருக்கும் இது தேவைப்படாது என்பதே என் எண்ணம். வீங்கிப்போனவருக்கும் சிறுநீரகம் நாளுக்கு நாள் மாறுபவருக்கும்தான் முதலில் வேண்டும். கட்டிலிலேயே நிறை பார்க்கும் தராசும் அன்றாடக் கிரியேட்டினின் சோதனையும் இல்லாமல் எந்த மாதிரியும் உதவாது. அவற்றை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

வயல் செய்பவர்களே, மாரியில் காய்ச்சல் விடாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம், சேற்றில் நின்ற கதை எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் சுகமாகிவிட்டது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். குறைந்தது 3 மாதம் அதை விழுங்கியாக வேண்டும்.